எழுதாமல் விட்ட நேரம்

அத்தியாயம் 9

“தென்றல் இன்னிக்கும் வரமாட்டா, பாருங்க” என்றாள் வேதா, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. “இன்னியோட ஆறு நாள் ஆவுது.”

மணிவேல் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மாற்றிப் போட்டுவிட்டார். அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

“காய்ச்சலா இருக்கும்.”

“காய்ச்சலெல்லாம் இல்ல. கூடப் படிக்கிற புள்ளைங்க ‘கஞ்சா பொண்ணு’ன்னு கூப்புடுதாம். எவனோ பேப்பரக் கொண்டாந்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தான். நாந்தான் போய்க் கிழிச்சேன். நம்ம பேப்பர்தாங்க அது.”

பதினெட்டு வருஷமாக அந்த வேங்கிக்கால் வீட்டில் ‘தினவிளக்கு’ நாளிதழுக்கு ‘நம்ம பேப்பர்’ என்றுதான் பெயர். இன்று அந்தச் சொல் மணிவேலின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

போன வியாழக்கிழமை தினவிளக்கின் ஐந்தாம் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. ‘கிரிவலப் பாதையில் கஞ்சா விற்பனை: ஆட்டோ டிரைவர் கைது.’ மொத்தம் பதினான்கு வரி. அடி அண்ணாமலையைச் சேர்ந்த பிரகாஷ், வயது முப்பத்தாறு, ஆட்டோவில் ஒன்றேகால் கிலோ கஞ்சா. தென்றலின் அப்பா. பக்கத்தில் நீலச் சட்டை போட்ட அவன் முகம். பெயர் இல்லாமல் ‘நமது நிருபர்’ என்று மட்டும் போட்டிருந்தது. இந்த மாவட்டத்துக்கு அந்தப் பேப்பரில் ஒரே நிருபர்தான், அது மணிவேல் என்று ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிரிவலப் பாதையில் வைத்துப் பிரகாஷைப் பிடித்ததாகப் போலீஸ் சொல்கிறது. அந்த ஐந்து மணிக்கு அவன் போளூர் ரோட்டில், டயர் கடைக்கு மேலே இருக்கும் தினவிளக்கு அலுவலகத்தில், மணிவேலுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

நாவல்தாங்கல் பற்றிய காகிதங்களோடு வந்திருந்தான். அவன் ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர் ஏரி அது. அதில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, லாட்ஜ் கட்ட அனுமதியும் வாங்கியிருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப்போட்டு, எட்டு மாதம் அலைந்து, அது நீர்நிலைதான் என்பதற்கான பதிவேட்டு நகலைப் பிரகாஷ் கையில் வாங்கியிருந்தான்.

“போட்டோ எடுத்துக்கங்க சார். எனக்கு ஒண்ணும் பயமில்ல” என்று காகிதத்தை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மணிவேல் தன் போனில் எடுத்தார். அந்தப் படம்தான், காகிதம் வெட்டி எறியப்பட்டு, வெறும் முகமாக ஐந்தாம் பக்கத்தில் வந்தது.

“ஸ்கூல் வுட்டதும் அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றாள் வேதா.

“எதுக்கு? போலீஸ் கேஸு. நமக்கு எதுக்கு?”

வேதா செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு அவ என் கிளாஸ்ல படிக்கிற பொண்ணுங்க. கேஸு இல்ல.”

*

பன்னிரண்டரை மணிக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது.

“மணி, லாட்ஜுக்கு வாய்யா. சாப்புட்டுக்கினே பேசலாம்.”

தினவிளக்கின் முதலாளி தேசிங்குராஜனுக்குச் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் உண்டு. அதன் மூன்றாவது மாடியில் யாருக்கும் வாடகைக்கு விடாத ஓர் அறை. ஊரில் எது நடக்கும், எது நடக்காது என்று முடிவாவதெல்லாம் அங்கேதான். மணிவேல் அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருக்கும். இன்று படி ஏறும்போது மூச்சு வாங்கியது.

உள்ளே மூன்று பேர். முதலாளி கட்டிலில் சாய்ந்திருந்தார். நாற்காலியில் ஒன்றியச் செயலாளர் இருசப்பன், இலையில் மட்டன் எலும்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரம் இன்ஸ்பெக்டர் மாறன், சீருடை இல்லாமல், டீ ஷர்ட்டில்.

“வா மணி, மொதல்ல சாப்புடு” என்றார் முதலாளி.

“வேணாங்கய்யா. வூட்ல சாப்புட்டுத்தான் வந்தேன்.” பொய்தான். டிபன் பாக்ஸ் வண்டியிலேயே இருந்தது.

“நம்ம மணிக்குத்தாங்க நாம நன்றி சொல்லணும்” என்று முதலாளி இருசப்பனைப் பார்த்துச் சிரித்தார். “அன்னிக்கு அஞ்சரைக்கே அந்தக் காகிதத்தக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டான். இல்லன்னா சென்னைப் பேப்பர் எவன் கையிலயாவது போய்ச் சேந்திருக்கும்.”

மணிவேல் தரையைப் பார்த்தார்.

ஆமாம், அவர்தான் கொடுத்தார். பிரகாஷ் படி இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பெரிய செய்தி எதுவானாலும் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவது பதினெட்டு வருஷ வழக்கம். அந்த வழக்கப்படிதான் கொண்டுபோனார். தாங்கல் லாட்ஜ் இருசப்பனின் மைத்துனர் பெயரில் இருந்தது. அதில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அப்படித்தான் ஒரு வாரமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஊரில் பேச்சு இருந்தது. டீக்கடையில் இரண்டு முறை அவர் காதிலேயே விழுந்தது. கேட்ட காதை அவர்தான் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று ஏழு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டில் வைத்துப் பிரகாஷைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்த்த டிரைவர்கள் யாரும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

“விஷயத்துக்கு வரேங்க” என்றார் இன்ஸ்பெக்டர் மாறன். மரியாதையாகப் பேசுகிற மனிதர். “ஜாமீன் மனு போடறாங்க. அஞ்சு மணிக்கு எம் புருஷன் பேப்பர் ஆபீஸ்ல இருந்தாருன்னு அந்தம்மா சொல்லுது. அது சொல்லிட்டுப் போவட்டும். நம்ம பக்கம் எதுவும் இருக்கக் கூடாது இல்லிங்களா? அந்தப் போட்டோ இன்னும் உங்க போன்ல இருக்குதா சார்?”

“இருக்குது.”

“எத்தினி மணிக்கு எடுத்ததுன்னு அதுல காட்டும்.”

“அஞ்சு ரெண்டு.”

இருசப்பன் தண்ணீர் குடித்தார்.

மணிவேல் போனை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நான் தொடக்கூடாது சார். நாளைக்குப் போலீஸ் அழிச்சிதுன்னு ஆயிடும். நீங்களே அழிச்சிருங்க.”

படத்தைத் திறந்தார். பிரகாஷ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். காகிதத்தின் மேல் விளிம்பில் இரண்டு கட்டைவிரல்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

அழித்தார்.

“டிராஷ்லயும் ஒண்ணு இருக்கும் சார்” என்றார் மாறன், ஞாபகப்படுத்துகிற குரலில்.

அங்கேயும் போய் அழித்தார்.

இருசப்பன் கை கழுவிக்கொண்டு வந்து மணிவேலின் தோளில் கையை வைத்தார். ஈரம் சட்டையில் ஊறியது. “ஒம் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சி முடிச்சிட்டு எழிலரசி மேடம்கிட்ட ஜூனியரா இருக்குதாமே? நல்ல மேடம்தான். ஆனா அங்க அலைச்சல் ஜாஸ்தி, பேரு கம்மி. கவருமெண்டு வக்கீல் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வெக்கட்டுமா?”

மணிவேல் சிரித்தார். அது தானாக வந்தது.

“உங்க இஷ்டங்கண்ணா” என்றார்.

படி இறங்கி வரும்போது அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டியிருப்பது தெரிந்தது. வண்டிக் கண்ணாடியில் பார்த்துத்தான் அதை எடுத்தார்.

*

நாலரை மணி இருக்கும். அடி அண்ணாமலையில் கோயிலைத் தாண்டி உள்ளே போகும் தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீட்டின் வாசலில் தென்றல் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வேதாவைப் பார்த்ததும் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“இன்னாடி எழுதற?”

“வூட்டுப் பாடம் டீச்சர். பக்கத்து வூட்டு ஆர்த்திகிட்ட கேட்டு எழுதிக்கிறேன்.”

பள்ளிக்கூடத்துக்கு வராமல், வீட்டுப் பாடத்தை மட்டும் ஒருநாள்கூட விடாமல் எழுதிக்கொண்டிருந்தது அந்தப் பெண். வேதா அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா எங்க?”

“வேலூர் ஜெயிலுக்கு. மனு போட்டு அப்பாவப் பாக்கறதுக்கு. பொழுதோட வந்துரும்.”

“நாளைக்கு ஸ்கூலுக்கு வரியா? எங்கூடவே உக்காந்துக்க. யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்.”

தென்றல் பென்சில் முனையைப் பார்த்தாள். “டீச்சர், எங்கப்பா அது விக்காது” என்றாள்.

“தெரியும்டா.”

“உங்க வூட்டு சாருக்கும் தெரியும். அப்பா அவரப் பாக்கறதுக்குத்தான் போச்சு.”

வேதா திரும்பினாள். “எப்போ?”

“அன்னிக்குத்தான், செவ்வாக்கெழம. நான் ஸ்கூல் வுட்டு வந்தப்போ அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கினு இருந்துச்சு. நீலச் சட்டை. போட்டோ எடுப்பாங்க, நல்லா இருக்கணும்னு. எட்டு மாசம் அலைஞ்சு வாங்கின காகிதக் கட்ட எடுத்துக்கினு, மணிவேல் சார் மட்டும் பேப்பர்ல போட்டாருன்னா கலெக்டரே நாவல்தாங்கலுக்கு வருவாருன்னு சொல்லிட்டுத்தான் போச்சு.” அவள் பெருமையோடு சொன்னாள். பிறகு குரல் இறங்கியது. “அப்புறம் வரல.”

நோட்டீஸ் போர்டிலிருந்து தன் கையாலேயே கிழித்த பேப்பர் வேதாவின் கண்முன் வந்தது. நீலச் சட்டை. மடிப்புக் கலையாத காலர். கைதானவன் முகம் மாதிரியா இருந்தது அது? போட்டோவுக்கு உட்கார்ந்தவன் முகம்.

அந்தப் படத்தை எடுத்தது யார் என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“தண்ணி குடிக்கிறீங்களா டீச்சர்?”

“வேணாண்டா” என்று எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. “அம்மா வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு.”

*

வேதா வீட்டுக்குள் நுழைந்தபோது தகப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இனியா கோர்ட்டிலிருந்து வந்த வெள்ளைச் சேலையைக்கூட மாற்றவில்லை. டீப்பாயின் மேல் ஒரு ஃபைல்.

“பிரகாஷ் எங்க ஆபீஸ் கட்சிக்காரர்” என்றாள் இனியா. “ஜாமீன் மனு இன்னிக்கு நாந்தான் டைப் பண்ணேன். அவரு சம்சாரம் ரேவதி குடுத்த வாக்குமூலத்துல மூணாவது பாரா. ‘சம்பவ நேரத்தில் என் கணவர் தினவிளக்கு நிருபர் மணிவேல் என்பவருடன் இருந்தார்.’ மணிவேல் என்பவர். என் கையால அடிச்சேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அடுத்த கேள்வியில் மணிவேல் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க அவரப் பாத்தீங்களா, இல்லியா?”

பிறந்ததிலிருந்து அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். ‘நீ வாப்பா’, ‘நீ சும்மா இருப்பா’. இன்று ‘நீங்க’ என்றாள்.

“பாத்தேன்.”

“எத்தினி மணி?”

“நாலே முக்காலுக்கு வந்தான். அஞ்சே கால் வரைக்கும் இருந்தான்.”

“தெரிஞ்சேதான் அந்த நியூஸ எழுதினீங்களா?”

மணிவேல் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். “போலீஸ் குடுத்த நோட்ல அஞ்சு மணின்னு இருந்துது. பாத்த உடனே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். நேரமெல்லாம் கோர்ட்டு பாத்துக்கும், நீங்க எழுதுங்க சார்னாரு. நான் எழுதறப்போ நேரத்த மட்டும் எழுதாம வுட்டுட்டேன்.”

“ஏன்?”

“பொய் எழுத மனசு வரல.”

இனியா அவரையே பார்த்தாள். “அப்போ மிச்சம் பதினாலு வரி?”

தெருவில் காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டே போனது.

“அந்தப் போட்டோ இருந்தாப் போதும்” என்றாள் இனியா. “எடுத்த நேரம் அதுலயே இருக்கும். போனக் குடுங்க.”

“இல்ல.”

“இல்லன்னா?”

“மத்தியானம் லாட்ஜுல வெச்சு அழிக்கச் சொன்னாங்க. அழிச்சிட்டேன். எங்கயும் இல்ல. ஆபீசுக்கு நான் அனுப்பினதும் வெறும் மூஞ்சிதான், அதுல நேரமும் இல்ல.”

வேதா அதுவரை கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“அந்தக் காகிதம் எங்கங்க?” என்றாள்.

மணிவேல் திடுக்கிட்டார்.

“அவன் உங்க கையில ஒரு கட்டுக் காகிதம் குடுத்தானே. எட்டு மாசம் அலைஞ்சு வாங்கினது. அது எங்க?”

இந்தக் கேள்வியை அவர் ஒரு வாரமாக எதிர்பார்த்தார். இன்ஸ்பெக்டர் கேட்பார், வக்கீல் கேட்பார், ஜட்ஜ் கேட்பார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். வேதாவுக்கு மட்டும் எதையும் தயார் செய்து வைக்கவில்லை.

“முதலாளிகிட்ட குடுத்தேன். அவன் போன உடனே. அவரு இருசப்பனுக்குக் குடுத்துட்டாரு.” மிச்சத்தையும் சொன்னார். “ஏழு மணிக்கு அவனப் புடிச்சாங்க. நான் குடுக்கலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது, வேதா. அவன் எங்கிட்ட வந்ததாலதான் உள்ள போனான்.”

வேதா அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்றும் நினைத்தார். அவள் கைப்பையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

“அந்தப் பொண்ணு எனக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டுச்சிங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இனியா ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “போட்டோ போனாப் போவுது. பாத்த ஆளு இருக்கீங்க இல்ல? வந்து அபிடவிட் குடுங்க. எங்க மேடம் ஏழு மணி வரைக்கும் ஆபீஸ்லதான் இருப்பாங்க.”

“வேலை போயிடும் இனியா. அதோட வுடமாட்டாங்க. எம்மேலயும் ஒரு கேஸப் போடுவாங்க. ஒம் பேரச் சொல்லித்தான் இருசப்பன்...”

“எம் பேரா?”

உங்க இஷ்டங்கண்ணா என்று தான் சொன்ன குரல்தான் அவர் காதில் கேட்டது.

“கெளம்புங்க” என்றாள் வேதா. “நானும் வரேன்.”

*

வக்கீல் எழிலரசியின் அலுவலகம் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் முன்னறை. எழிலரசிக்கு ஐம்பது வயது இருக்கும். மணிவேல் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். இனியா டைப் செய்தாள். இரண்டு பக்கம் வந்தது.

“கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சிக்கங்க சார்” என்றாள் எழிலரசி. “இதுல கையெழுத்துப் போட்டா நீங்க எங்க சாட்சி. உங்க முதலாளி, இன்ஸ்பெக்டர், ஒன்றியச் செயலாளர், மூணு பேருக்கும் எதிரி. திரும்பிப் போவ வழி கெடையாது.”

“தெரியுங்க மேடம்.”

பேனாவை எடுத்தார். நெஞ்சில் ஒரு வாரமாக இருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

ரேவதி. வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். தலை கலைந்து, முகமெல்லாம் புழுதி. மணிவேலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“சார், வந்துட்டீங்களா! நீங்க வருவீங்கன்னு அவரு சொல்லிக்கினே இருந்தாரு சார். பேப்பர்ல வந்தது போலீஸ் சொல்லிப் போட்டது, சாருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னாரு.” அவள் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். “ஆனா இனிமே ஒண்ணும் வேணாம் சார். முடிஞ்சி போச்சு.”

“இன்னாம்மா ஆச்சு?” என்றாள் எழிலரசி.

“இருசப்பன் ஆளு ஒருத்தன் ரெண்டு நாளா மனு போட்டு அவரப் பாத்துட்டுப் போறான். நாவல்தாங்கல் விஷயமா குடுத்த புகாரெல்லாம் பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, ஜாமீனுக்குப் போலீஸ் ஆட்சேபம் சொல்லாதாம். இவரு முடியாதுன்னுட்டாரு. காகிதமெல்லாம் மணிவேல் சார்கிட்ட பத்திரமா கீது, அவரு போடாம வுடமாட்டாருன்னு சொல்லித்தான் ஒரு வாரமாத் தாங்கிக்கினு இருந்தாரு.”

இனியா தகப்பனைப் பார்க்கவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு நாந்தான் கெடுத்தேன்” என்றாள் ரேவதி. “தென்றல் நல்லாப் படிக்கிறாளான்னு கேட்டாரு. பள்ளிக்கூடமே போவலன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பேப்பரப் பாத்துட்டுப் புள்ளைங்க கிண்டல் பண்ணுதுன்னு சொல்லிட்டேன். அப்டியே ஒடஞ்சுட்டாரு. நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த ஆளு வருவான். கையெழுத்துப் போட்டுர்றேன்னாரு.”

மணிவேல் பேனாவைக் கீழே வைத்தார். மற்றவர்களிடம் சொல்லியாயிற்று. பெண்டாட்டியிடம், மகளிடம், வக்கீலிடம். கடினமானதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

“ரேவதி” என்றார். “அந்தக் காகிதம் எங்கிட்ட இல்லம்மா.”

எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். வழக்கம் என்று தொடங்கினார். வேதா ஒரு பார்வை பார்த்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அன்றைக்கு அஞ்சரைக்குக் கொடுத்ததை, மறுநாள் செய்தி எழுதியதை, இன்று மத்தியானம் அழித்ததைச் சொன்னார். சாக்கு எதுவும் சேர்க்காமல் சொல்வதற்கு மூன்று நிமிஷம்தான் ஆனது.

கேட்டு முடித்ததும் ரேவதி மேஜை மேல் இருந்த அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்தாள்.

“இது இன்னா?”

“அன்னிக்கு அஞ்சு மணிக்கு அவன் எங்கூட இருந்தான்னு எழுதிக் குடுக்கறேன். கோர்ட்டுல வந்து சொல்றேன்.”

“இதக் குடுத்தா அந்த ஆளுங்க சொன்ன மாதிரி ஜாமீன எதிர்க்காம வுடுவாங்களா மேடம்?”

எழிலரசி யோசித்துப் பதில் சொன்னாள். “வுடமாட்டாங்க. எதிர்ப்பாங்க. ஆனா கேஸு பொய்னு நிரூபிக்கலாம். ஒரு மாசம் ஆவலாம், ரெண்டு மாசமும் ஆவலாம்.”

“கையெழுத்துப் போட்டுட்டா?”

“சீக்கிரம் வெளிய வருவாரு. கேஸு அவரு தலைமேலயே இருக்கும். தாங்கல் போயிடும்.”

ரேவதி மணிவேலின் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் நீர் இல்லை.

“ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. எம் புருஷன் வெளிய வரணும்னு இத எழுதினீங்களா? இல்ல, உங்க மனசு ஆறணும்னு எழுதினீங்களா?”

மணிவேல் வாயைத் திறந்தார். சற்று முன் பேனாவைப் பிடித்தபோது நெஞ்சு லேசானது நினைவுக்கு வந்தது. அப்போது அவர் நினைத்தது பிரகாஷை இல்லை.

“தெரியலம்மா” என்றார். அன்று முழுக்க அவர் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான்.

இனியா தாள்களை ஃபைலுக்குள் வைத்தாள். “இப்போ கையெழுத்து வேணாம் மேடம். பிரகாஷ் சார் முடிவு பண்ணட்டும்.”

“அவருக்கு இதெல்லாம் யாரு சொல்றது? நான் சொல்ல மாட்டேன்” என்றாள் ரேவதி. “ஒரு வாரமா அவரு இவரு பேரச் சொல்லிக்கினு கெடந்தாரு. நான் போய் எந்த வாயால சொல்லுவேன்? நீங்களே வந்து சொல்லுங்க. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லுங்க. கேட்டுட்டு அவரு இன்னா சொல்றாரோ அதான்.”

“மனு போட்டா பேரு, விலாசம் எல்லாம் எழுதி வாங்குவாங்க” என்று எழிலரசி மணிவேலை எச்சரித்தாள். “இருசப்பன் ஆளும் அங்கதான் வருவான். மத்தியானத்துக்குள்ள உங்க முதலாளிக்குத் தெரிஞ்சிரும்.”

மணிவேல் வேதாவைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரேன்” என்றார்.

ரேவதி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

“நாளைக்குக் காலைல ஆறு மணி வேலூர் பஸ். ஸ்டாண்டுல நிக்கறேன்” என்றாள். “ஆனா உங்க பக்கத்துல உக்காந்துக்கினு வர மாட்டேன் சார்.”